முணுமுணுக்கும் ஸ்பீக்கர்

“ஏம்மணி, வாயில என்ன கொழுக்கட்டையா?”

ஒன்பதாம் வகுப்பில் சென்னகேசவன் வாத்தியார் கேட்டது அது. காவிரி எங்கே பிறக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். தெய்வாத்தாள் எழுந்து, “குடகுங்கய்யா” என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் கொழுக்கட்டை வந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதற்கப்புறம் தினமும் ஒரு கேள்வி, தினமும் பெஞ்சு மேல் நிற்பது.

“எனக்குக் கேட்டுச்சு புள்ள, நல்லாவே கேட்டுச்சு” என்று கடைசி பெஞ்சுப் பழனாத்தாள் வந்து சொன்னாள். கூட்டாளி வேறு எப்படிச் சொல்வாள் என்று தெய்வாத்தாள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வீதியில் சின்னப் பிள்ளைகள்கூட ‘கொழுக்கட்டை’ என்று கூப்பிட ஆரம்பித்த அன்றைக்குப் புத்தகப் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

அதே வாத்தியார் நான்கு வருஷம் கழித்து உக்கடத்தில், அவள் மாமா சுப்பண்ணனின் கார் ஸ்பீக்கர் கடை முன்னால் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். தெய்வாத்தாள் பற்றவைத்துக்கொண்டிருந்த வயரை அப்படியே போட்டுவிட்டு, அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“வாங்க வாங்க, உக்காருங்க!” என்றார் சுப்பண்ணன். பஸ் ஸ்டாண்டு ஹாரன்களோடு போட்டி போட்டே வளர்ந்த குரல் அவருக்கு.

“ஏனுங்க, வண்டியில பாட்டே சரியில்லீங்க. முணுமுணுங்குது.”

“செட்டையே மாத்திப்போடலாமுங்க. சிடி செட்டெல்லாம் புதுசா வந்திருக்குது.”

“ஐயோ, செட்டைத் தொட்டுப்போடாதீங்க! நான் ரிட்டையர் ஆனதுக்கு மாப்பிள்ளை எடுத்துக் குடுத்த வண்டிங்க. வண்டியோடவே வந்த செட்டு. அதை மாத்தினா, குடுத்ததுல குத்தம் கண்டுபிடிச்ச மாதிரி ஆயிருமுங்க. ஸ்பீக்கர் மட்டும் மாத்துங்க. அது கதவுக்குள்ள இருக்குது, ஆருக்குத் தெரியப்போகுது?”

“அதுக்கென்னுங்க! தெய்வா! ஏ தெய்வா, எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டே? வண்டியைப் பாரு.”

வேறு வழியில்லை. குனிந்த தலை நிமிராமல் போய்க் கார்க் கதவோரம் குத்தவைத்து உட்கார்ந்தாள். உறையைக் கழற்றிப் பழைய ஸ்பீக்கரைப் பாட விட்டுப் பார்த்தாள்.

“மாமா, இதுல ஒரு பழுதுமில்லீங்க” என்றாள் மெதுவாக.

“இல்லாட்டிப் போகுது. கேக்கறதை மாட்டிக் குடு கண்ணு. பெருசாப் பாத்துப் போடு.”

“பெருசு ஆகாதுங்க. வண்டிச் செட்டுக்கு வாட்ஸ் கம்மி. பெரிய ஸ்பீக்கரை மாட்டினா சத்தம் இன்னும் குறையும். கம்மிக் கரண்ட்டுலயே நல்லாக் கத்தறது ஒண்ணு இருக்குது. அதே ஓட்டையில உக்காரும், வயரைக்கூட வெட்ட வேண்டாம்.”

“பாத்தீங்களாங்க! எங்க அக்கா புள்ள. கடையே இவ கையிலதான். ஆனா வர்றவங்ககிட்ட மட்டும் வாயைத் தொறக்க மாட்டா!”

வாத்தியார் கதவை மறைத்தபடி ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள் தெய்வாத்தாள்.

முதுகு அசையவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதும் அசையவில்லை. தன்னை அடையாளம் தெரிந்துவிட்டது, கொழுக்கட்டையோடு என்ன பேச்சு என்று நிற்கிறார் என நினைத்தாள். உடம்பை ஒடுக்கிக்கொண்டு அவரைச் சுற்றிப் போய் வேலையைச் செய்தாள். திருகாணி இரண்டு தடவை கைநழுவி விழுந்தது.

புது ஸ்பீக்கரில் அம்மன் பாட்டுக் கணீரென்று வந்தது. சுப்பண்ணன் தொடையைத் தட்டினார். வாத்தியார் கதவருகே குனிந்து நெற்றியைச் சுருக்கினார்.

“இதுவும் முணுமுணுங்குதே. இன்னும் வை அம்மணி.”

வைத்தாள்.

“இன்னும்.”

குமிழ் கடைசியில் போய் முட்டி நின்றது. சுப்பண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எதிர் டீக்கடைக்காரர் வடிகட்டியும் கையுமாக ஓடிவந்து வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினார்: “கோயில் நோம்பியா சாட்டியிருக்கீங்க இங்க? கொறைங்க சாமி, காது கிழியுது!”

வாத்தியார் திரும்பவில்லை.

“உங்க ஸ்பீக்கரும் மட்டம்தானுங்க” என்றார். “இப்பெல்லாம் எதுவுமே வாயில கொழுக்கட்டையை வெச்சுக்கிட்டுத்தான் பேசுது.”

தெய்வாத்தாள் எழுந்தாள். அவர் கையைப் பிடித்துக் கார்க் கதவின் மேல் வைத்தாள். குளிர்காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி கதவு நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் தன் கையைப் பார்த்தார். காதைப் பொத்தியிருந்த சுப்பண்ணனைப் பார்த்தார். திரும்பி, டீக்கடைக்காரரின் திறந்த வாயைப் பார்த்தார். கடைசியில் தெய்வாத்தாளின் முகத்தைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

அவள் செட்டை நிறுத்தினாள்.

“குடகுங்கய்யா” என்றாள்.

கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்ட அதே குரல்தான். அவர் கண்கள் அவள் உதட்டிலேயே நின்றன, பிறகு தாழ்ந்தன. அதைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. அவர் தன் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.