டிரோன் இறங்கிய இடம்

கோபுரத்துக்குப் பின்னாலிருந்து ஹெலிகாப்டர் வெளிப்பட்டபோது வெற்றிச்செல்வியின் டிரோன் அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தது.

சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. தெருவெல்லாம் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காதைக் கிழித்தது. கருடன் வட்டமிடும் என்று கூட்டம் அண்ணாந்து நின்றது. ஒரு கிழவர் ஹெலிகாப்டரையே கும்பிட்டுவிட்டார்.

வந்தது கோயில் கமிட்டித் தலைவர் சாமிதுரையின் மகன் ஜெயப்பிரகாஷ். கும்பாபிஷேகத்துக்குப் பூத்தூவுவதற்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்து, ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்திருந்தான்.

பேசி வைத்தது வேறு. முதலில் டிரோன் கூட்டத்தின் மேல் தீர்த்தம் தெளிக்கும். அது இறங்கியதும் அவள் சாமிதுரைக்குப் போன் அடிப்பாள். அதற்குப் பிறகுதான் ஹெலிகாப்டர். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டவர் அவர்தான்.

மேலே ஏற்றினால் மோதல். பக்கத்தில் ஒதுக்கினால் அந்தப் பெரிய விசிறியின் காற்று இழுத்துக்கொள்ளும். அவள் யோசிக்கவில்லை. ரிமோட்டின் குச்சியை அடிவரை கீழே இழுத்தாள்.

டிரோன் கல்லாக விழுந்தது. ஹெலிகாப்டர் ஒருக்களித்து, அதன் வயிறு தெரிய, தலைக்கு மேல் உரசுகிற மாதிரி போனது. கவிழ்ந்த கூடையிலிருந்து செவ்வந்தி மொத்தமும் பிராய்லர் கடைக் கூரையில் கொட்டியது. கோயிலுக்குள் கூட்டம் அலறிச் சிதறியது. சன்னதிக்கு நேரே காலியான முற்றத்தில் டிரோன் போய் உட்கார்ந்தது.

அவள் ரேஷன் கடை மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் சாமிதுரை கோயில் வாசலுக்கு வந்துவிட்டார். பட்டு வேட்டி, வெற்று மார்பு, தலையில் இன்னும் காயாத தீர்த்தம்.

“அறிவிருக்கா ஒனக்கு? எம்மவன் வர்ற நேரத்துல அத மேல ஏத்துவியா?”

“நான் ஏத்தலைங்க. நின்ன எடத்துலதான் நின்னுச்சு. போன் அடிச்ச பெறவு வரணும்னு சொன்னனா, இல்லியா?”

“வீடியோவுக்கு வெயில் நல்லாருக்குன்னு கொஞ்சம் முன்னாடி வந்துட்டான். அதுக்கு?”

“அந்த வெயிலுக்கு ஹெலிகாப்டர்ல இருந்த அத்தன பேரும் செத்திருப்பாங்க.”

“படிச்ச திமிரு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆமாங்க. படிச்சு வாங்குனதுதான்.”

அவளுடைய அம்மா இருசம்மாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். டிரோனுக்குப் பேட்டரி தூக்க வந்தவள். சாமிதுரை வீட்டு முந்திரிக் கொல்லையில் கொட்டை பொறுக்கியே மகளைப் படிக்க வைத்தவள். “ஒரு மன்னிப்புக் கேட்டுரு பாப்பா. மிஷின வச்சிக்கிட்டாங்கன்னா நம்ம பொழப்பே போச்சு.”

“தப்பு பண்ணவங்க கேக்கட்டும்மா.”

சாமிதுரை பல்லைக் கடித்தார். “பூசை நிக்கிது. பசங்கள விட்டு ஒம் மிஷினத் தூக்கியாந்து வெளிய வைக்கச் சொல்றேன். எடுத்துக்கிட்டுப் போயிரு.”

“யாரும் தொடக் கூடாதுங்க. இன்னும் ஆன்லதான் இருக்கு. றெக்கை சுத்துச்சுன்னா வெரலு போயிரும்.”

“இங்கேருந்தே ஆஃப் பண்ணு.”

“பக்கத்துல போயி பேட்டரியில அமுக்கணும். நான்தான் போவணும்.”

சாமிதுரையின் கண் வாசற்படிக்குப் போனது.

அவள் தெருவிலிருந்து அந்த வாசலுக்குள் யாரும் போனதில்லை. போகக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவுமில்லை. காலையில் கமிட்டி ஆட்கள் குடத்தில் தீர்த்தம் கொண்டுவந்து, டிரோனில் கழுவி வைத்திருந்த வயல் மருந்து டேங்கில் ஊற்றிவிட்டு, “நீ ரேஷன் கடை மாடியிலேருந்தே ஓட்டும்மா, அங்கேருந்துதான் நல்லாத் தெரியும்” என்று அன்பாகத்தான் சொன்னார்கள். பூச்சிமருந்து டேங்கிலிருந்து விழுந்த தண்ணீரை அத்தனை பேரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதைத் தெளித்தவளுக்குத்தான் மாடி.

உள்ளேயிருந்து குருக்கள் குரல் கொடுத்தார், நல்ல நேரம் போகிறது என்று. இரண்டு இளவட்டங்கள் டிரோனை நெருங்கினார்கள். விளக்கு சிவப்பாக மின்னியதும் பின்வாங்கினார்கள்.

சாமிதுரை அவளைப் பார்க்காமல், கொடிமரத்தைப் பார்த்துச் சொன்னார். “சரி. எடுத்துக்கிட்டு ஒடனே வா.”

வெற்றிச்செல்வி செருப்பைக் கழற்றினாள். வாசற்படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அம்மா, வா. ஒரு பக்கம் புடிக்கணும்.”

“நானா?”

“ஒத்த ஆளாத் தூக்க முடியாதும்மா.”

இருசம்மாள் சாமிதுரையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு படியைப் பார்த்தாள். பிறகு ஏறிவிட்டாள்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஈரக் கல் தரையில் தாயும் மகளும் நடந்தார்கள். அம்மா நிமிர்ந்து சன்னதியைப் பார்த்தாள். கும்பிட மறந்து, பார்த்துக்கொண்டே நின்றாள். வெற்றிச்செல்வி அவசரப்படுத்தவில்லை. பேட்டரியை அமுக்கி அணைத்துவிட்டு, இறக்கைகளை ஒவ்வொன்றாக, நிதானமாக மடக்கினாள்.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியபோது அம்மா குனிந்து கிசுகிசுத்தாள்.

“ரொம்ப ஒடஞ்சு போச்சா பாப்பா?”

“ஒண்ணும் ஆவலம்மா.”

ஒன்றும்தான் ஆகவில்லை. ஹெலிகாப்டர் கடந்து போனதுமே டிரோன் பாதி உயரத்திலேயே அந்தரத்தில் நிலைத்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. கிளம்பிய இடத்துக்கே அது தானாகத் திரும்பிவர ரிமோட்டில் ஒரு பொத்தான் உண்டு. அப்போது அதன்மேல்தான் வெற்றிச்செல்வியின் கட்டைவிரல் இருந்தது.

அவள் அதை அமுக்கவில்லை.