ஓரத்து மஞ்சள் புள்ளி

ஓவியர் யோகேஸ்வரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஹட்டனில் அவருடைய கண்காட்சிக்கு வந்தவர்கள் படங்களைப் பார்த்ததைவிட அவருக்குப் பயந்ததுதான் அதிகம்.

வாசலுக்கு நேரே பெரிய தேயிலை மலைப் படம். கோடே கிடையாது. கிட்டப் போனால் வெறும் வர்ணத் திட்டுகள். நாலடி தள்ளி நின்றால் பனியும் வெயிலுமாக மலை தெரியும்.

வங்கி அதிகாரி ஒருவர் ஆசையாக விலை கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நடுவில் வெள்ளையாக இருப்பது ஆறுதானே என்றும் கேட்டுவிட்டார்.

"அது வெளிச்சம் சார். படம் பார்க்கத் தெரியாதவங்களுக்கு நான் விக்கிறதில்ல."

அதிகாரி முகம் சுருங்கி வெளியேறினார். ஒரு படம்கூட விற்கவில்லை, இதில் இந்தத் திமிர் வேறா என்று மனைவி பிரேமினி தலையில் அடித்துக்கொண்டாள்.

மத்தியானம் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி ஜீவராணி அந்த மலைப் படத்தின் முன்னால் நின்றவள், நகரவே இல்லை. ஓரத்திலிருந்த மஞ்சள் புள்ளியை விரலால் காட்டினாள்.

"சார், இது எங்க கிருஷாந்திங்களா?"

பிரேமினி அவசரமாகக் கிட்டே வந்தாள். இந்த அப்பாவியும் திட்டு வாங்கப்போகிறாளே!

கணவர் அழகுமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார். மகள் கொழுந்தெடுக்கப் போகும்போது தலையில் மஞ்சள் துணிதான் கட்டுவாளாம். ஓரத்துத் தேயிலைச் செடி நிரையைத்தான் கேட்டு வாங்குவாளாம். போன மழையில் மண்சரிவு, அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டோடு அவளையும் கொண்டுபோய்விட்டது. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

"மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்குங்க சார்," என்றாள் ஜீவராணி.

யோகேஸ்வரன் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"ஆமாங்க, உங்க புள்ளதான். நான் வரையிறப்போ அங்கதான் கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்துச்சு."

"சிரிச்சாளுங்களா?"

"சிரிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

படத்தைக் கழற்றி, தாளில் சுற்றி, அவளிடமே கொடுத்தார். விலை பேசவே இல்லை. அழகுமுத்து பையில் கைவிட்டதும் கோபமாகத் தடுத்துவிட்டார்.

அவர்கள் படியிறங்கியதும் பிரேமினி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மஞ்சள், முந்தின நாள் பெயின்ட் டப்பாக்களை ஒதுக்கும்போது அவள் கைதவறித் தெறித்தது. படமே பாழாகிவிட்டதென்று அன்று முழுக்க அவளோடு பேசாமல் இருந்தவர்தான் இந்த மனிதர்.