முக்கால் மணி நேரம்

"முக்கால் மணி ஆயிடுச்சு சந்தனம். பாரைக் கீழ வைங்க."

வைத்தியலிங்கம் சொன்னது காதில் விழாதவர் போல, சந்தனசாமி இன்னொரு தடவை இரும்பைத் தூக்கினார். கண் மட்டும் முன்கடை மேசையில் இருந்த போன் மீதே இருந்தது.

தருமபுரத்தில் வைத்தியலிங்கத்துக்கு முன்பக்கம் சிமெண்ட் கடை, பின்பக்கம் கீற்றுக் கொட்டகையில் தேகப்பயிற்சிக் கூடம். கூடத்துக்கு இரண்டே சட்டம். எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இரும்பைத் தொடக் கூடாது. தொட்டால் சதை ஏறாது, இருப்பதும் கரைந்துபோகும் என்பார். இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் கோபம் வரும். இரண்டாவது சட்டம், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே இடமில்லை.

சந்தனசாமி கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வரும் கிளார்க். நாற்பது வயதில் தொப்பையைக் கரைக்க வருகிறார் என்று ஊரில் பேச்சு. அவர் வந்தது போனுக்காக.

மனைவி இசபெல்லாவுக்குத் தாய்வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. ஆறு மாதத்துக்கு முன்னால், மே மாதம், பாரீசுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் வேலைக்குப் போனாள். சந்தனசாமி அங்கே போவதற்கான பேப்பர் இன்னும் வரவில்லை. சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்ததும், ஆஸ்பத்திரி வாசலில் காசு போட்டுப் பேசும் போனிலிருந்து கூப்பிடுவாள். அங்கே மூன்று என்றால் இங்கே ஆறரை. வீட்டில் போன் இல்லாததால் அவர் கொடுத்திருந்த பி.பி. நம்பர் இந்த சிமெண்ட் கடையுடையது.

அதனால் சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் பாரைத் தொடுவார். முக்கால் மணி நேரம் முடியவும் போன் அடிக்கவும் சரியாக இருக்கும். மூன்று நிமிடம் பேசுவார்கள். பெரிய பேச்சு ஒன்றுமில்லை. சாப்பிட்டியா, குளிருதா, மழை பெய்யுதா, அவ்வளவுதான். அந்த மூன்று நிமிடத்தை வைத்துக்கொண்டுதான் மனிதர் ஒரு வாரத்தை ஓட்டினார்.

போன இரண்டு சனிக்கிழமையும் போன் அடிக்கவில்லை. இன்றும் ஆறரை தாண்டிவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் தூக்கிக்கிறேனே வாத்தியாரே. சும்மா உக்காரக் கூடாதும்பீங்க. அதான் தூக்குறேன்ல?"

"போன வாரம் இப்படித்தான் தூக்கி, முதுகு புடிச்சுக்கிட்டு மூணு நாள் ஆபீஸ் போவல. நாளைக்கு இசபெல்லா வந்து என்னைத்தான் கேக்கும்."

லெட்டராவது வந்ததா என்று வைத்தியலிங்கம் கேட்டார். நேற்று வந்திருந்தது, ஆனால் அவள் எழுதிப் பத்தொன்பது நாளாகிறது. சந்தனசாமி சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்துக் காட்டினார். குளிர் ஆரம்பித்துவிட்டதாம், கம்பளி வாங்கினாளாம். பிறகு இப்படி எழுதியிருந்தாள்:

'இந்த ஊர்க் கூத்தைக் கேளுங்கள். நேற்று எல்லார் வீட்டிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார்கள். குளிர்காலம் வந்தால் இப்படித்தானாம். நானும் திருப்பினேன். உங்களோடு இருந்த நாள்வரைக்கும் திருப்ப முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.'

வைத்தியலிங்கத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெள்ளைக்காரன் முள்ளைத் திருப்பினால் சூரியன் நின்று கேட்குமா என்றார். சந்தனசாமியும் சிரித்தார். கடைசி வரியை மறுபடி மனதுக்குள் படித்தபோது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எழுதுறப்ப நல்லாத்தான் எழுதியிருக்கா. அதுக்கப்புறம் என்ன ஆச்சோ தெரியல. அங்க போனவுங்க எத்தனையோ பேரு அப்படியே இருந்துட்டாங்களே. இனிமே நான் சனிக்கிழமை வரல வாத்தியாரே. அடிக்காத போனைப் பாத்துக்கிட்டு என்னால இரும்பு தூக்க முடியல."

வியர்வையைத் துடைப்பதுபோல முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். வைத்தியலிங்கம் இரும்புத் தட்டுகளை அடுக்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழக்கம்போல ஏழு மணிக்குக் கடையும் கூடமும் பூட்டப்பட்டன. தூறலில் சந்தனசாமி சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போனார். வைத்தியலிங்கம் வாசலிலேயே நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில், வீட்டுக்குப் போக வேண்டிய கோட்டுச்சேரி பஸ் போய்விட்டது. மழை வலுக்கவே எதிர்ப்பக்கம் ஆரிபாவின் பஜ்ஜிக் கடைக்குள் ஒதுங்கினார்.

ஆரிபா ஒரு பஜ்ஜியைத் தாளில் வைத்து நீட்டினாள்.

"நீங்க இருக்குறதும் நல்லதாப் போச்சுண்ணே. போன ரெண்டு சனிக்கிழமையும் நீங்க பூட்டிட்டுப் போனப்புறம் உங்க கடையில போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. சிமெண்ட் லோடுக்காரவுங்கன்னு நெனச்சு நானும் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூட்டிய கடைக்குள் போன் அடித்தது.

வைத்தியலிங்கம் பஜ்ஜியைப் போட்டுவிட்டு மழையில் ஓடினார். சாவி இரண்டு தடவை கை நழுவியது. ஒருவழியாகத் திறந்து போனை எடுத்தார்.

"அண்ணே, இசபெல்லா பேசுறேன். எப்பவும்போல மூணு மணிக்கு ஷிப்டு முடிஞ்ச கையோட கூப்புடுறேன், ரெண்டு வாரமா யாருமே எடுக்கல. அவுங்க இப்பல்லாம் எக்சர்சைசுக்கே வர்றதில்லையாண்ணே?"

வைத்தியலிங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழரை. வெள்ளைக்காரன் முள்ளைத் திருப்பியதில், அங்கே மூன்று என்றால் இப்போது இங்கே ஏழரை.

"வர்றாரும்மா" என்றார், பதினைந்து வருடமாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒருவரையும் தூக்கவிடாத அந்த மனிதர். "அடுத்த சனிக்கிழமையிலேருந்து அவரு ரெண்டு மணி நேரம் தூக்குவாரு."