பாதிக் கூடு

கிணற்றோரப் பனைமரத்தில் மஞ்சத்தலையன் என்றொரு தூக்கணாங்குருவி இருந்தான். அந்த மரத்து ஆண்குருவிகள் பாதிக் கூடு பின்னியதுமே பெண்குருவிகளைக் கூப்பிட்டுக் காட்டுவது வழக்கம். இவனுக்கு மட்டும் அது கேவலமாகப் பட்டது.

"அரைகுறையை எவனாவது காட்டுவானா? நான் முடிச்சிட்டுத்தான் கூப்பிடுவேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, நீண்ட வாசல்குழாய் வரைக்கும் பின்னி முடித்தான்.

ஒருத்தி வந்தாள். உள்ளே நுழைந்து நிதானமாகப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா மழைக்காத்து நேரா வாசல்லயே அடிக்குதே. குஞ்சு நனைஞ்சுடாதா?" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனாள்.

வாசலைத் திருப்ப வேண்டுமானால் கூட்டையே பிரித்தாக வேண்டும். மேற்கே மேகமோ திரண்டுகொண்டிருந்தது. மஞ்சத்தலையன் ஒரு நாள் முழுக்க முறுக்கிக்கொண்டு கிடந்தான். மறுநாள் வேறொரு மட்டையில் புதுசாகப் பின்ன ஆரம்பித்தான். பாதி முடிந்ததும், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அவளையே கூப்பிட்டான்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"இல்ல, பாதிதான் ஆச்சு. வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அவள் கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து, காற்றோடு ஆடிப் பார்த்தாள். "கிழக்கே வை" என்றாள். உடனே பறந்துவிட்டாள்.

இதுவும் போச்சு என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான் மஞ்சத்தலையன்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்தாள், நீளமான புல் ஒன்றை இழுத்துக்கொண்டு.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிற? அந்த நுனியைப் பிடி."