ஈசிஜியில் புலிகள்
நர்சிங் கல்லூரியில் அன்று ஈசிஜி தேர்வு. பேராசிரியை தாளை நீட்டியதுமே டாண் டாண் என்று பதில் வந்தது.

"இது நார்மல் மேடம்."

"இதுக்கு உடனே ஷாக் கொடுக்கணும் மேடம்."

"பாத்தீங்களா? எல்லாம் என் வளர்ப்பு!" தேர்வாளராக வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரிடம் பேராசிரியை பூரித்துப் போனார்.

கடைசி மாணவி மட்டும் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துத் திருதிருவென விழித்தாள்.

"என்னம்மா, கிளாஸ்ல தூங்கினியா? பெயில் போட்டுடுவேன்!"

"இல்ல மேடம்... இந்தத் தாள் புதுசா இருக்கு."

"ரெண்டு தாள் ரொம்ப அழுக்கா இருந்துச்சு மேடம். அதே ஈசிஜிய நான்தான் புதுசா பிரிண்ட் எடுத்து வச்சேன்" என்றார் டாக்டர்.

"தாள் புதுசானா துடிப்பு மாறிடுமா? இதுகூடத் தெரியாம நோயாளியை எப்படிப் பாத்துக்குவே? கொடு இப்படி!"

வெடுக்கென்று பிடுங்கிய பேராசிரியை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோடுகளை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"நீங்களே சொல்லிக் கொடுத்துடுங்க மேடம்" என்றார் டாக்டர்.

பேராசிரியை மாணவியின் பக்கம் சாய்ந்து, காதோடு காதாகக் கேட்டார்.

"ஏம்மா, இது டீக்கறை பட்ட தாளா, மை கொட்டின தாளா?"