அசைந்தால் தெரியும்

பொன்மலருக்கு விமான நிலையத்தில், பறவைகள் விமானத்தில் மோதாமல் பார்த்துக்கொள்ளும் காவல் வேலை. ஓடுதளத்துப் பக்கம் ஒரு சிட்டுக்குருவி சிறகடித்தாலும் தெரியவேண்டும் என்று, தினமும் காலையில் சிலந்தியின் கண் நரம்பில் சுரக்கும் ரசாயனத்தை அவள் கண்ணில் இரண்டு சொட்டு விடுவார்கள். வேலைக்கு அருமையான மருந்துதான். ஆனால் வீரியம் குறையும்வரை, அசையாமல் இருக்கும் மனிதர்கள் அவள் பார்வையிலிருந்து மறைந்துபோவார்கள்.

"இதைச் சொன்னா கண்ணுல கோளாறுன்னு நினைப்பாங்க" என்று அம்மா அவள் வாயை அடைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகள், "திமிர் பிடிச்ச பொண்ணு, முகத்தையே பார்க்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக வந்தவன் இளம்பரிதி. மரியாதைக்காக ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வேலையிலிருந்து அப்படியே வந்து காபித் தட்டை ஏந்திய பொன்மலருக்கு நாற்காலி காலியாகத்தான் தெரிந்தது. இந்த முறை அவளுக்கு மறைக்க மனம் வரவில்லை.

"மன்னிச்சுக்கங்க, நீங்க அசைஞ்சாத்தான் எனக்குத் தெரியும். கண்ணுக்கு விடற மருந்து அப்படி."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு அசையணும்ங்க?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

அவன் கையை ஆட்டினான், கை தெரிந்தது. தலையை ஆட்டினான், மீசை தெரிந்தது. பொன்மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினான்.

"டேய், உட்காருடா" என்றாள் அவன் தாய்.

"இரும்மா, அவங்க இன்னும் பார்த்து முடிக்கலை."