ஆரம்பத்துக்கு இது போதும்

அவன் இன்னும் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தான்.

ஒரு தொட்டி. அதை ஒரு குழாய் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பும். இன்னொன்று பதினைந்தில். மூன்றாவது, நிறைந்த தொட்டியை இருபது மணி நேரத்தில் காலி செய்யும். மூன்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டால்?

"பத்து மணி நேரமுங்க," என்றாள் அவன் மனைவி கோகிலா. கண் அதற்குள் அடுத்த கணக்குக்குப் போயிருந்தது.

அவன் அப்போதுதான் எல்.சி.எம். எடுக்க ஆரம்பித்திருந்தான்.

கைடின் கடைசிப் பக்கங்களில் விடையைத் தேடினான்.

பத்து.

தப்பாக இருந்திருக்கக் கூடாதா?

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதப்போவது அவள். கைடு எடுத்துக் கொடுக்க வந்தவன் அவன். "எனக்கென்ன தெரியும், நீங்கதான் எழுதியிருக்கீங்க, நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க" என்று அவள் கேட்டதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. டவுன்ஹாலில் இருக்கும் இந்தப் புத்தகக் கடைக்கு வரும் வழி நெடுக, வண்டியை ஓட்டிக்கொண்டே பாடம் எடுத்தான். எதை முதலில் தொட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எங்கே ஏமாற்றுவார்கள். அவளும் பின்னாலிருந்து உம் கொட்டிக்கொண்டே வந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் வருடம் தவறாமல் எழுதியவன்தான். வந்த மார்க்கை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இருக்கிற கைடுகளிலேயே பெரியதை எடுத்து அவள் கையில் கொடுத்ததும் அவன்தான். எவ்வளவு கஷ்டம் என்று பார்க்கட்டுமே என்றுதான் கொடுத்தான். பார்த்தாள்.

அடுத்த கணக்கும் சரி.

அதற்கடுத்ததும்.

பெருமை பீற்றிக்கொண்டாலாவது ஒரு சொல் சொல்லி வாயை அடைக்கலாம். அவள் கீரை ஆய்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே போனாள்.

அவனுக்கு வயிறு எரிந்தது.

கூட வேலை பார்த்தவனுக்கு பிரமோஷன் வந்தபோதும் எரிந்ததுதான். ஆனால் அதை வீட்டுக்கு வந்து இவளிடம் சொல்லித் தீர்த்துக்கொள்ள முடிந்தது. பொண்டாட்டி மேலேயே பொறாமை வந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அவளுக்கு இடம் கிடைத்துவிடும். பெங்களூரோ அகமதாபாத்தோ போய்விடுவாள். கோட்டு போட்டுக்கொண்டு திரும்பி வருவாள். ஏதாவது கல்யாண வீட்டில் யாரோ யாருக்கோ அவனைக் காட்டி, "இவருதான் நம்ம கோகிலா வீட்டுக்காரரு" என்பார்கள்.

அலமாரிக்கு முன்னால் நின்றபடியே அவ்வளவு தூரம் போய்விட்டு வந்தான்.

பிறகு அவள் கையிலிருந்த கைடை மெதுவாக வாங்கினான். இருந்த இடத்திலேயே செருகினான். குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒல்லியான ஒன்றை எடுத்தான். வழவழப்பான அட்டை. அட்டையில் டை கட்டிய பையன் ஒருவன் பல் தெரியச் சிரித்தான்.

அந்தக் கைடை அவனுக்கு நன்றாகவே தெரியும். உள்ளே எல்லாம் சுலபமான கணக்குகள். தேர்வில் அதுபோல ஒன்றுகூட வராது. முதல் வருடம் இதை நம்பிப் போய்த்தான் அவன் கவிழ்ந்தான்.

"ஆரம்பத்துக்கு இது போதும்," என்றான். "அதெல்லாம் உன்னையக் கொழப்பிப் போடும்."

குரலில் அக்கறை வழிந்தது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் வாங்கிப் புரட்டினாள். நாலைந்து பக்கம் பார்த்திருப்பாள்.

"சரிங்க," என்றாள்.

எரிச்சல் அடங்கியது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதிதான் பெரிதாக இருந்தது, பொய் சொல்வானேன்.

அவன் கல்லாவுக்குப் போய்ப் பர்ஸை எடுத்தான். அவளைக் காணோம். திரும்பிப் பார்த்தான். அலமாரிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள், நெஞ்சோடு இரண்டு கைடுகளை அணைத்தபடி.

பெரியதைக் கல்லா மேல் வைத்தாள்.

"இது எனக்கு இருக்கட்டுங்க. கொழம்புனா நீங்க சொல்லிக் குடுக்க மாட்டீங்களா?"

ஒல்லியானதை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

"இது உங்களுக்கு. நீங்களும் இந்த வருசம் எழுதுங்க. ரெண்டு பேருமாச் சேந்து படிக்கலாம்."

கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான்.

இல்லை. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து, இன்றைக்குத்தான் துணிந்து கேட்டுவிட்டவளைப் போல அவள் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. கேலியாக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

கடைக்காரர் அதற்குள் இரண்டுக்கும் பில் போட்டுவிட்டார்.

"ஒரே பையில போட்டறட்டுங்களா?"

அவள் தலையாட்டினாள்.

"தனித்தனியாப் போடுங்க," என்றான் அவன்.

பெரிய கைடு இருந்த பையை, அவள் கை நீட்டுமுன் அவன் எடுத்துக்கொண்டான். மற்றதை அவளிடம் விட்டான்.

வாசலில் வண்டியை எடுக்கும்போது, "கனமா இருக்குமுங்க, குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன்," என்றாள்.

"பரவால்ல."

பையை ஹேண்டில்பாரில் மாட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் அது வந்து அவன் முழங்காலில் இடித்தது. திரும்பும்போது அவள்தான் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். காலையில் எத்தனை மணிக்கு எழலாம், டீ யார் போடுவது, முதலில் எந்தப் பாடம்.

சிக்னலில் வண்டி நின்றது.

"முட்டில இடிக்குதுங்க, குடுங்க."

அவன் தோளுக்கு மேலாக அவள் கை நீண்டு வந்தது. விரல்களை விரித்துக் காத்திருந்தது.

அவன் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.